டேக்கில் தமிழ்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் விதைக் கிடங்கில் ஒவ்வொரு அட்டிக்கும் ஓர் ஆர்எஃப்ஐடி அட்டை (ரேடியோ அலையில் படிக்கும் சில்லு வைத்த டேக்) கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். படிக்க, எழுத ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையும் அதோடு இணைத்த ஆர்சி522 படிப்பான் போர்டும். நெல் ரகத்தின் பெயரை 'ஏடிடி 43' என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒழுங்காக வருகிறது. 'ஆடுதுறை 43' என்று தமிழில் எழுதினால் 'ஆடுது' வரை வந்து, பிறகு ஒரு கட்டமும் ஏதோ கிறுக்கலும் வருகின்றன. போர்டு கோளாறா, அட்டை கோளாறா?
– விதை விற்பனையாளர், மன்னார்குடி

பதில்: இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, இடிப்பது பைட் கணக்கு (பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொள்ளும் இடம்). ஆர்சி522 போர்டோடு சேர்த்துத் தரும் வெள்ளை அட்டையும் நீலச் சாவிக்கொத்து வில்லையும் பெரும்பாலும் மைஃபேர் கிளாசிக் 1கே வகை. அதில் எழுதுவதும் படிப்பதும் பிளாக் பிளாக்காகத்தான். ஒரு பிளாக்குக்கு 16 பைட், கூடவும் முடியாது, குறையவும் முடியாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் யூனிகோட் என்ற பொதுப் பட்டியலில் ஓர் எண் உண்டு, அதுதான் குறி. அதைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட். அதிலும் 'டு' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ட ஒரு குறி, உகரக் கொக்கி இன்னொரு குறி, ஆக 6 பைட்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 'ஆடுதுறை'யில் 7 குறிகள், 21 பைட். இடைவெளி 1, '43'க்கு 2. மொத்தம் 24. முதல் 5 குறிகள் 15 பைட்டைத் தின்றுவிடுகின்றன. 'ற'வின் மூன்று பைட்டுகள் 224, 174, 177. இவற்றில் முதலாவது மட்டும் 16-வது இடத்தில் விழுகிறது, மற்ற இரண்டும் வெளியே நிற்கின்றன. துணையில்லாமல் நிற்கும் அந்த 224-ஐத்தான் திரை கட்டமாகக் காட்டுகிறது.

அதற்குப் பின்னால் வரும் கிறுக்கலுக்குக் காரணம் வேறு. படிக்கும் கட்டளை 16 பைட்டோடு 2 பைட் சரிபார்ப்புத் தொகையையும் சேர்த்து 18 பைட்டாகத் தருகிறது. அதனால்தான் வாங்கும் இடத்தை 18 பைட்டாக ஒதுக்க வேண்டும். 16 ஒதுக்கினால் இடம் போதவில்லை என்ற பிழைதான் திரும்பி வரும். அந்த 18-ஐ அப்படியே சரம் (எழுத்துத் தொடர்) என்று அச்சிடச் சொன்னால், முடிவைக் காட்டும் சுழியம் எங்கும் இல்லாததால், சரிபார்ப்புத் தொகையையும் தாண்டி நினைவகத்தில் கிடப்பதையெல்லாம் அச்சிட்டுக்கொண்டே போகும். முதல் பைட்டில் நீளத்தை எழுதி வையுங்கள். அத்தனை பைட்டை மட்டும் அச்சிடுங்கள். மீதி இடத்தைச் சுழியத்தால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் பழைய பெயரின் வால் புதுப் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

தமிழை வைப்பதற்கு இரண்டு வழிகள். யுடிஎஃப்-8-ஐ அப்படியே பல பிளாக்குகளில் தொடர்ச்சியாக எழுதுவது ஒன்று. படிக்கும்போது எல்லா பிளாக்கையும் ஒரே வரிசையில் சேர்த்த பிறகே அச்சிட வேண்டும். பிளாக்குக்கு ஒரு வரி என்று அச்சிட்டால் 'ற' மறுபடி உடையும்.

இன்னொரு வழி, உங்கள் போர்டு மட்டுமே படிக்கப்போகும் அட்டைக்கு மிகவும் பொருத்தம். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, 128 குறிகள். எந்தத் தமிழ்க் குறியிலிருந்தும் 2816-ஐக் கழித்தால் 128-க்கும் 255-க்கும் இடைப்பட்ட எண் கிடைக்கும், அதாவது ஒரே பைட். 'ஆ' 2950; கழித்தால் 134. 127 வரையுள்ள எண்கள் ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும் ஏற்கெனவே உரியவை என்பதால் மோதலே கிடையாது. 'ஆடுதுறை 43' இப்போது 10 பைட். 'மாப்பிள்ளைச் சம்பா' யுடிஎஃப்-8-இல் 52 பைட், இந்த முறையில் 18.

திரும்ப விரிப்பதும் எளிது. பைட் 128-க்குக் கீழே என்றால் அப்படியே அனுப்புங்கள். 128 முதல் 191 வரை என்றால் 224, 174, பிறகு அந்த எண்ணே. 192-உம் அதற்கு மேலும் என்றால் 224, 175, பிறகு அந்த எண்ணில் 64 கழித்தது. 'றை'யின் ஐகாரக் குறி 200. விரித்தால் 224, 175, 136. மூன்று நிபந்தனை வரிகளில் முடிகிற வேலை, தனி நூலகம் எதுவும் தேவையில்லை.

அட்டையில் நான்கு பிளாக் சேர்ந்தது ஒரு செக்டார், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி (கடவு எண்). பிளாக் ஒதுக்கீடு இப்படி இருக்கட்டும்: செக்டார் 1-இல் 4, 5 இரண்டும் ரகத்தின் பெயருக்கு (நீள பைட் போக 31 பைட்), 6 குவியல் எண்ணுக்கும் தேதிக்கும். மூன்றும் ஒரே செக்டார் என்பதால் சாவியை ஒருமுறை சரிபார்த்தால் போதும். எழுதிய கையோடு படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதி முடிக்கும் முன்பே அட்டையை இழுத்துவிட்டால் முதல் பிளாக் புதிது, இரண்டாவது பழையது என்று நிற்கும்.

பெயர் இடத்தை மீறினால் வெட்டத்தான் வேண்டும், ஆனால் கண்ட இடத்தில் வெட்டக் கூடாது. இந்த ஒரு பைட் முறையில் 190 முதல் 205 வரையுள்ளவை புள்ளியும் உயிர்க்குறிகளும். வெட்டுக்கு அடுத்து நிற்பது அவற்றில் ஒன்று என்றால் ஒரு பைட் பின்னால் போய் வெட்டுங்கள். இல்லாவிட்டால் 'சம்' என்பது 'சம' என்று நிற்கும்.

தட்டச்சிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'கொ'வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டில் தெரியும், பெயரைத் தேடும்போது 'இல்லை' என்று வரும். கணினியில் ஒருங்கிணைத்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு எழுதுங்கள். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய பட்டியல் என்றால் அது தமிழே அல்ல, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கேட்காத இரண்டு செய்திகள். சான்று விதை மூட்டையின் நீல அட்டைக்கு இது மாற்று ஆகாது. அது சாக்கிலேயே இருக்கட்டும். கிடங்கில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூட்டம் போடும்போது போர்டை வெளியே எடுத்துவிடுங்கள். பாஸ்பீன் வாயு செம்பை அரிக்கும், ஊனோவும் ஆர்சி522-உம் செம்புத் தடங்களால் ஆனவை.

கேள்வி: எங்கள் ஆர்சி522 போர்டு முதல் அட்டையைப் படிக்கிறது, எழுதுகிறது. இரண்டாவது அட்டையை வைத்தால் கண்டுகொள்வதே இல்லை. ரீசெட் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஒன்றே ஒன்று.
– ஐடிஐ பயிற்சியாளர், பாபநாசம்

பதில்: சாவி சரிபார்த்த நொடியிலிருந்து போர்டும் அட்டையும் மறைகுறியில் பேசுகின்றன. வேலை முடிந்ததும் அட்டையை 'ஹால்ட்' செய்து, போர்டில் 'ஸ்டாப் கிரிப்டோ' கட்டளையும் கொடுக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் போர்டு அதே மறைகுறியிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும், புது அட்டைக்குப் புரியாது. பிழை வந்து பாதியில் வெளியேறும் வழிகளிலும் இந்த இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அநேகமாக அங்கேதான் விட்டுப்போயிருக்கும். தவறான சாவி கொடுத்த பிறகு இன்னொரு சாவியை முயல வேண்டும் என்றாலும் அட்டையை மறுபடி எழுப்பித் தேர்ந்தெடுத்த பிறகே கேட்க வேண்டும்.

தொடக்கத்தில் போர்டின் பதிப்பு எண்ணை அச்சிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். 145 அல்லது 146 என்றால் சரியான சில்லு. 136 என்றால் நகல். பெரும்பாலும் வேலை செய்யும். 0 அல்லது 255 என்றால் வயர் பிடிக்கவில்லை. மின்சாரம் 3.3 வோல்ட் முனையிலிருந்துதான். 5 வோல்ட்டில் செருகினால் சில்லு போய்விடும்.

கேள்வி: நீளமான தமிழ்ப் பத்தி ஒன்றை மைஃபேர் அட்டையில் பிளாக் 4-லிருந்து வரிசையாக எழுதினேன். 4, 5, 6 சரி. 7-உம் எழுதியதாகச் சொன்னது. அதன்பின் 4-ஐக்கூடத் திறக்க முடியவில்லை. மீட்க வழி உண்டா?
– பாலிடெக்னிக் மாணவி, திருவாரூர்

பதில்: அந்த செக்டாருக்கு வழி இல்லை. மற்ற 15 செக்டாரும் பிழைத்திருக்கும், அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஒவ்வொரு செக்டாரிலும் நான்காவது பிளாக் (3, 7, 11 என்று 63 வரை) பூட்டுக்கு உரியது. அதன் முதல் 6 பைட் சாவி ஏ, அடுத்த 3 பைட் யார் எதைச் செய்யலாம் என்ற அனுமதி, பத்தாவது பைட் சும்மா, கடைசி 6 பைட் சாவி பி. அனுமதி பைட்டுகளில் ஒவ்வொரு பிட்டும் நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் சில்லு அந்த செக்டாரை நிரந்தரமாக மூடிவிடும். உங்கள் பத்தியின் பைட்டுகள் அங்கே போய் உட்கார்ந்ததும் பொருத்தம் கெட்டது, பூட்டு விழுந்தது.

எழுதும் புரோகிராமின் சுழற்சியில் (லூப்) ஒரு நிபந்தனை சேருங்கள்: பிளாக் எண்ணை 4-ஆல் வகுத்து மீதி 3 வந்தால் தாண்டிப் போ. பிளாக் 0 தயாரிப்பாளருடையது, அதையும் தொடாதீர்கள். 64-இல் 16 பூட்டு பிளாக்கும் அந்த ஒன்றும் போனால் 47 மிச்சம், 752 பைட். யுடிஎஃப்-8-இல் அது 250 தமிழ்க் குறிகள். 'பத்தி' எழுத இதுதான் உச்சவரம்பு.

சாவியை மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. பூட்டு பிளாக்கைப் படித்து, சாவி பி-யை மட்டும் திருத்தி, அப்படியே திருப்பி எழுதுவார்கள். சாவி ஏ-யைச் சில்லு ஒருபோதும் வெளியே காட்டாது. படிக்கும்போது ஆறு சுழியமாகத்தான் வரும். திருப்பி எழுதியதும் சாவி ஏ உண்மையிலேயே ஆறு சுழியமாகிவிடும். எழுதும் முன் 16 பைட்டையும் நீங்களே நிரப்புங்கள்: புது அட்டையின் சாவிகள் எல்லா பைட்டும் 255, அனுமதி 255, 7, 128, பத்தாவது பைட் 105.

கேள்வி: பஞ்சலோகச் சிலை ஒவ்வொன்றின் பீடத்துக்கு அடியிலும் டேக் ஒட்டி, வாங்குபவர் போனை வைத்ததும் விவரம் தமிழில் வர வேண்டும். மேசையில் வைத்துப் பார்த்தால் படிக்கிறது. சிலையில் ஒட்டினால் படிக்கவில்லை. என்ன டேக் வாங்குவது?
– சிற்பக்கூடம், சுவாமிமலை

பதில்: போன் எழுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த ஓட்டம் புலத்தையே எதிர்த்து அழிக்கிறது. டேக்குக்கு உயிர் கொடுக்கும் மின்சாரமே போய்ச் சேரவில்லை. 'ஆன்-மெட்டல்' அல்லது 'ஆன்டி-மெட்டல்' என்று கேட்டு வாங்குங்கள். அடியில் ஃபெரைட் தகடு ஒட்டி வரும், அந்தப் பக்கம்தான் சிலையைத் தொட வேண்டும். திருப்பி ஒட்டிவிட்டு டேக் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உட்குடைவான பீடத்தில் உள்ளே ஒட்டினால் சுற்றிலும் உலோகம், ஃபெரைட்டும் கைகொடுக்காது. தட்டையான விளிம்பில் ஒட்டுங்கள், அல்லது மரப்பலகைப் பீடம் இருந்தால் அதில்.

சில்லு மைஃபேர் கிளாசிக் வேண்டாம். ஐபோன் அதன் நினைவகத்தைப் படிக்காது, ஆண்ட்ராய்டிலும் எல்லாப் போனும் படிக்காது. என்டேக் 213, 215, 216 மூன்றில் ஒன்று போதும். பயன்பாட்டுக்கு முறையே 144, 504, 888 பைட். இதில் எழுதும் அலகு 4 பைட் கொண்ட பக்கம், தொடங்க வேண்டியது பக்கம் 4. பக்கம் 3-இல் எதையும் எழுதக் கூடாது. அங்கே 1 ஆக்கிய பிட்டை மறுபடி 0 ஆக்க முடியாது, டேக்கின் அளவைச் சொல்லும் எண் கெட்டுப்போகும்.

போன் தானாகத் திறக்க வேண்டுமானால் வெறும் எழுத்து போதாது, என்டெஃப் என்ற உறையில் இட வேண்டும். சொந்தமாக புரோகிராம் எழுதினால் வரிசை இது: 3, மொத்தச் செய்தி நீளம், 209, 1, உள்ளடக்க நீளம், 84, 2, 116, 97, பிறகு உங்கள் யுடிஎஃப்-8 தமிழ், கடைசியில் 254. இதில் 84 என்பது 'இது உரை' என்ற அடையாளம்; 2 என்பது மொழிக் குறியீடு இரண்டெழுத்து என்பது; 116, 97 தமிழுக்கு உரிய குறியீடு. உள்ளடக்க நீளம் என்பது உரையின் பைட்டோடு 3. செய்தி நீளம் அதற்கும் மேல் 4. எழுத்து எண்ணிக்கையைப் போட்டுவிட்டுப் பாதி வாக்கியம் மட்டும் தெரிகிறது என்பவர்கள்தான் அதிகம். போட வேண்டியது பைட் எண்ணிக்கை.

செயலியில் பார்த்தால் 213-இல் 144-க்குப் பதில் 137 பைட் என்று காட்டும். ஆலையிலிருந்து வரும்போதே முன்னால் இருக்கும் 5 பைட் குறிப்பும் உறையின் 2 பைட்டும் (அந்த 3, செய்தி நீளம்) போனது அது. தலைப்புக்கு (209 முதல் 97 வரை) 7 கழித்தால் உரைக்கு 130. 'நடராஜர், பஞ்சலோகம், உயரம் 18 அங்குலம், சுவாமிமலை' 124 பைட். உள்ளே போகும், ஆனால் தொலைபேசி எண்ணுக்கு இடமில்லை. விலாசமும் வேண்டும் என்றால் 215 வாங்குங்கள். அங்கே உள்ளடக்கம் 255 பைட்டைத் தாண்டினால் நீளத்தை ஒரு பைட்டில் எழுத முடியாது. 300 என்பது 44 ஆகிவிடும். தலைப்பின் நீண்ட வடிவத்துக்கு மாற வேண்டும், அதில் உள்ளடக்க நீளத்துக்கு 4 பைட். வெளி உறையின் நீளத்துக்கும் 255 என்ற அடையாளமும் அதன்பின் 2 பைட்டும்.

மன்னார்குடி வாசகருக்குச் சொன்ன ஒரு பைட் முறை இங்கே உதவாது, வாங்குபவரின் போனுக்கு அது தெரியாது. இடம் மிச்சப்படுத்த யுடிஎஃப்-16 என்ற வழி உண்டு: 2-க்குப் பதில் 130 போட்டால் தமிழ்க் குறிக்கு 2 பைட்தான். எல்லாச் செயலியும் அதை ஒரே மாதிரி படிப்பதில்லை. விற்பனைக்குப் போகும் பொருளில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம், பெரிய டேக்கே மலிவு. எல்லாம் சரிபார்த்த பிறகு எழுதாதபடி பூட்டிவிடுங்கள், இல்லையேல் எவர் போனும் மாற்றி எழுதும். பூட்டினால் பூட்டியதுதான், எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் சேர்ந்து நிலைத்துவிடும்.

கேள்வி: மாட்டின் காதில் போட்டிருக்கும் மஞ்சள் தோட்டைப் போனில் படிக்க முடியுமா? அதில் மாட்டின் பெயரை எழுதலாமா?
– பால் உற்பத்தியாளர், மயிலாடுதுறை

பதில்: 12 இலக்க எண்ணும் பட்டைக் கோடும் அச்சிட்ட தோடு என்றால் அதில் பொதுவாகச் சில்லு இருக்காது, போன் கேமராவால் கோட்டைப் படிக்கலாம், அவ்வளவுதான். கால்நடைக்கென உள்ள ஆர்எஃப்ஐடி தோடுகள் 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. போனும் ஆர்சி522-உம் கூப்பிடும் அலைவரிசையே வேறு என்பதால் அவை எழும்பவே எழும்பா. தனிப் படிப்பான் வைத்தால் 15 இலக்கம் வரும். முதல் மூன்று நாட்டுக் குறியாக இருந்தால் இந்தியாவுக்கு 356. அதில் பெயர் எழுத இடம் கிடையாது. எண்ணையும் பெயரையும் நோட்டிலோ கணினியிலோ இணைத்து வையுங்கள்.

கேள்வி: டேக்கிலிருந்து வரும் தமிழை 16×2 எல்சிடியில் காட்ட முடியவில்லை. ஓலெட் என்ற புள்ளித் திரை வாங்கினேன், அதிலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.
– பொறியியல் மாணவர், தஞ்சாவூர்

பதில்: அந்த எல்சிடியில் நாமே வரையக்கூடிய எழுத்து எட்டே எட்டு, ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. 'ணை'யை அதில் அடைக்க முயல வேண்டாம். ஓலெட் நூலகங்கள் குறிகளைச் சேமித்த வரிசையிலேயே வரைகின்றன. 'கெ'யில் முதலில் சேமிப்பது க, பிறகு கொம்பு. கண்ணுக்குக் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் அறிவு சின்ன நூலகத்துக்கு இல்லை.

ரகப் பெயர், பொருள் பெயர் போல எண்ணி முடிக்கக்கூடிய பட்டியல் என்றால் ஒவ்வொரு பெயரையும் கணினியில் 128×24 புள்ளிப் படமாக்குங்கள். ஒன்றுக்கு 384 பைட். 40 பெயருக்கு 15,360. ஊனோவின் 32 கிலோபைட் ஃபிளாஷில் இடம் உண்டு, ஆனால் படத்தை ஃபிளாஷிலேயே வைக்கச் சொல்லும் 'புரோக்மெம்' போட மறந்தால் 2,048 பைட் ராமில் ஏற முயன்று புரோகிராமே படுத்துவிடும். டேக்கில் பெயரோடு பட எண்ணையும் ஒரு பைட்டில் எழுதிவிட்டால் போர்டு படத்தைக் காட்டும், பெயர் பெயராகவே டேக்கில் இருக்கும்.

கேள்வி: ஆலைக்கு வரும் நெல் மூட்டைகளை வாசலிலேயே மொத்தமாகப் படிக்க யுஎச்எஃப் (தூரத்திலிருந்தே படிக்கும் அலைவரிசை) படிப்பான் வாங்கியிருக்கிறோம். டேக்கில் ரகமும் ஊரும் தமிழில் இருக்க வேண்டும் என்று கணக்கர் விரும்புகிறார். எழுதினால் சில நேரம் பக்கத்து மூட்டையில் எழுதிவிடுகிறது.
– அரிசி ஆலை, திருத்துறைப்பூண்டி

பதில்: கணக்கரின் விருப்பம் நியாயம்தான், இடம்தான் இல்லை. இந்த டேக்குகளில் வாசலில் மொத்தமாகப் படிக்கப்படுவது இபிசி என்ற அடையாள எண் பகுதி. வழக்கமான அளவு 96 பிட், அதாவது 12 பைட். யுடிஎஃப்-8-இல் 'நெல்' என்று எழுதினாலே 12-உம் தீர்ந்துவிடும். பயனர் நினைவகம் தனியாக உள்ள டேக் உண்டு, விலை கூடும். அதைப் படிக்க மூட்டை மூட்டையாகத் தனியே கேட்க வேண்டும், வண்டி வாசலைத் தாண்டிப் போய்விடும்.

இபிசியில் எண் மட்டும் வையுங்கள், ரகமும் ஊரும் கணினிப் பட்டியலில் தமிழில் இருக்கட்டும். எண்ணை ஹெக்ஸ் இலக்கங்களாகவே எழுதினால் 24 இலக்கம் கொள்ளும். எந்தப் படிப்பானின் திரையிலும் அப்படியே எண்ணாகத் தெரியும், யாரும் பெயர்க்க வேண்டியதில்லை. பருவம், ஆண்டு, கொள்முதல் நிலைய எண், மூட்டை எண் என்று இலக்கங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். எழுதும்போது தொடக்க இடம் 2 என்று கொடுங்கள். 0 சரிபார்ப்புத் தொகை, 1 நீளம் முதலியவற்றைச் சொல்வது. அதைக் கெடுத்தால் 24 இலக்கமும் வராது.

பக்கத்து மூட்டையில் எழுதுவதற்குக் காரணம், கட்டளை எந்த டேக்குக்கு என்று சொல்லாமல் விடுவது. முதலில் அந்த டேக்கின் மாறாத அடையாளமான டிஐடி எண்ணைப் படித்து, அதைத் தேர்வு நிபந்தனையாகக் கொடுத்த பிறகு எழுதுங்கள். ஆன்டெனா சக்தியையும் குறைத்து, ஒரு டேக் மட்டும் எட்டும்படி மேசையில் வைத்து எழுதுவது இன்னும் நல்லது. ஆனால் அளவோடு குறையுங்கள். எழுதுவதற்குப் படிப்பதைவிட அதிகச் சக்தி வேண்டும், மிகவும் குறைந்தால் பாதி எழுதி நிற்கும்.

ஈர நெல்லில் படிக்கும் தூரம் குறையும், தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். மழைக்கால அறுவடையில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல் மூட்டையோடு மூட்டை நெருக்கி அடுக்கி வரும். நடுவில் நசுங்கிய டேக் பேசாது. சாக்கின் வாயைத் தைக்கும்போது மேல் காதில் சேர்த்துத் தைத்து, டேக் வெளியே தொங்கும்படி விடுங்கள். டிராக்டர் டிப்பரின் இரும்புப் பக்கம் ஒட்டிய வரிசை அப்போதும் விட்டுப்போகும். வாசலில் ஆன்டெனா இரண்டு பக்கமும் இருப்பதோடு மேலே ஒன்றும் இருந்தால் அந்த வரிசையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வராததை இறக்கும் இடத்தில் கைப் படிப்பானால் பிடியுங்கள்.